சைக்கிள் சக்கரம்: இணையத்தில் வாங்குவதா, வீட்டில் கட்டுவதா, கடையில் கொடுப்பதா?

தோட்டத்தில் ஒரு சைக்கிளின் பின்சக்கரக் கம்பி அறுந்து போனால் முன்பு அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சம்பளம் போட்ட வாரத்தில் சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போகும்போது சக்கரத்தை மட்டும் கழற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு மளிகைக் கடை, துணிக்கடை, கோயில் என்று சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் வாங்கி வருவார்கள். பகாவ், கோலப்பிலா, தம்பின், கிம்மாஸ், ரந்தாவ், போர்ட்டிக்சன் என்று நெகிரி செம்பிலானின் எந்தப் பட்டணமானாலும் நடைமுறை இதுதான்.

இன்று அதே வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியை எடுத்து ஷோப்பியிலோ லாசாடாவிலோ "ரிம் 26" என்று தேடுகிறான். முழுச் சக்கரமே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. சில வேளைகளில் வந்த சக்கரம் சைக்கிளில் உட்காருவதில்லை. உட்கார்ந்தாலும் இரண்டு மாதத்தில் ஆட்டம் காண்கிறது. அப்போது அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடைக்குத்தான் போகவேண்டும். அந்தக் கடை திறந்திருக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

சக்கரம் எப்படி வேலை செய்கிறது, எந்த அளவு எதற்குப் பொருந்தும், எப்போது வாங்கலாம், எப்போது கடையில் கொடுக்கலாம், ஆசைப்பட்டால் வீட்டிலேயே கட்ட முடியுமா என்பனவற்றைத் தோட்ட, பட்டண வாசகர்களுக்காக இங்கே தொகுத்திருக்கிறோம்.

பால்மரமும் சைக்கிளும்

நம் மக்கள் இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு இத்தனை பேராக வந்து சேர்ந்த கதையில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அவர் செய்து பார்த்தது அது. அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்தது. ரப்பருக்கான தேவை ஏறியது. பின்னால் மோட்டார் கார் வந்ததும் அந்தத் தேவை பல மடங்கானது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ஒரு சில ரப்பர் கன்றுகள், அடுத்த முப்பது ஆண்டுகளில் மலாயாவின் மேற்குக் கரை முழுக்கத் தோட்டமாகப் பரவியதற்குக் காரணம் இதுவே. வெள்ளைக்காரன் ஊரில் டயர் உருண்டதால்தான் இங்கே விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கவேண்டி வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு அதே சைக்கிள் தோட்டத்துக்குள்ளும் வந்தது. முதலில் கிராணியிடமும் கங்காணியிடமும்தான் இருந்தது. மெல்ல மெல்ல வெட்டுக்காரர்களும் வாங்கினார்கள். தூரத்து நிரைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், பட்டணத்திலிருந்து அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வரவும் அதுவே வாகனமாக இருந்தது. பெரும்பாலும் இங்கிலாந்து வண்டிகள். ராலே, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ் என்ற பெயர்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்.

நெகிரி செம்பிலான் மண்ணில் சைக்கிள் சக்கரம் வரலாற்றில் பதிந்த ஒரு நாளும் உண்டு. 1942 ஜனவரி 14ஆம் தேதி பிற்பகல், தம்பினிலிருந்து கிம்மாஸ் போகும் சாலையில், கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தை ஜப்பானியப் படை சைக்கிளில் கடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் மறைந்திருந்த ஆஸ்திரேலியாவின் 2/30ஆவது பட்டாளம், வரிசையின் ஒரு பகுதியைப் போகவிட்டு, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துத் தாக்கியது. அந்த இடத்தில் இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கி, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரைப் பிடித்த அந்தப் படைக்குச் சைக்கிள் பெரும் பலம். போருக்கு முன்பே ஜப்பான் இங்கே மலிவான சைக்கிள்களை ஏற்றுமதி செய்துவந்ததால், உபரிப் பாகங்கள் வழிநெடுக உள்ளூர்க் கடைகளிலேயே கிடைத்தன. வெயிலில் டயர் வெடித்தால் ரிம்மின் மேலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த இரும்புச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டது என்று ஜப்பானியப் படை அதிகாரி மசனோபு சுஜி எழுதிவைத்திருக்கிறார். பழுது பார்க்க ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆட்கள் இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். சைக்கிள் என்றாலே பழுது பார்ப்பவன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது படைக்கும் தெரிந்திருந்தது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் காற்று டயர் கிடைக்காமல் கெட்டி ரப்பரைச் சுற்றி ஓட்டிய கதை தனி. ரப்பர் தேசத்தில் டயர் பஞ்சம்!

சக்கரம் தாங்குவது எப்படி

கம்பிச் சக்கரத்தைப் பார்த்தால், மேலே இருக்கும் பாரத்தைக் கீழ்க் கம்பிகள் தூணைப்போல் தாங்குகின்றன என்று தோன்றும். ஆனால் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்தால் வளைந்துவிடும். அது தூணாக இருக்க முடியாது. கம்பி இழுவிசையில்தான் பலம் காட்டும். நன்றாகக் கட்டிய பின்சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் விறைத்து நிற்கும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்திலுள்ள சில கம்பிகளின் விறைப்பு கொஞ்சம் குறையும். சக்கரம் சுற்றியதும் அந்தக் கம்பிகள் பழைய விறைப்புக்குத் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தளர்ச்சி, ஒரு விறைப்பு.

26 அங்குலப் பள்ளிச் சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.08 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 சுற்று. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 6 கிலோமீட்டர். 200 பள்ளி நாள் ஓடினால் 5 லட்சத்து 70 ஆயிரம் முறைக்கும் மேல் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து விறைக்கும். கம்பி அறுவது பெரும்பாலும் ஒரே அடியில் நடப்பதில்லை. இப்படித் தளர்ந்து விறைத்துக் களைத்துப்போய், ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்துப் பகுதியில்தான் அறும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தொடக்கத்திலேயே விறைப்புக் குறைவாகக் கட்டிய சக்கரத்தில் இந்தக் களைப்பு சீக்கிரம் வரும். கம்பி முழுதாகத் தளர்ந்து, பள்ளத்தில் விழும்போது சடக்கென்று இழுபடும். மலிவு விலையில் பெட்டியில் வரும் இயந்திரக் கட்டுச் சக்கரங்கள் பலவற்றின் குறை இதுவே. பார்க்க நேராகச் சுற்றும், ஆனால் இறுக்கம் போதாது. நேராக இருப்பதும் இறுக்கமாக இருப்பதும் ஒன்றல்ல.

சோதிக்கக் கருவி வேண்டாம். ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டிப் பார்த்தால் போதும். தந்தி வாத்தியம்போல் ஏறக்குறைய ஒரே சுருதி வரவேண்டும். நடுவில் ஒன்று "டொக்" என்று செத்த சத்தம் கொடுத்தால் அது தளர்ந்திருக்கிறது. ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். அடுத்து அறுவது அவைதான். ஒரு கம்பி அறுந்த சக்கரத்தை "இன்னும் ஓடுதே" என்று ஓட்டிக்கொண்டிருந்தால், சில வாரத்தில் ரிம்மே கோணலாகி முழுச் சக்கரமும் வீணாகும். ஒரு கம்பி மாற்றும் செலவோடு முடிந்திருக்கவேண்டிய வேலை அது.

தோட்டச் சாலைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். செம்மண், சரளைக் கல், லாரி ஓடிப் பள்ளமான வழி, மழைக்காலச் சேறு. செம்பனைத் தோட்டமாக இருந்தால் வெட்டிப் போட்ட மட்டையின் முள் வேறு. ரிம்மில் பிரேக் கட்டை உரசும் சைக்கிளில், சேற்று மணல் ஒட்டிக்கொண்டு ரிம்மின் பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம்மின் பக்கம் உட்குழிந்து தெரிந்தால், கோணல் இல்லாவிட்டாலும் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். காற்றழுத்தத்தில் ஒரு நாள் அது பிளந்துகொள்ளும்.

"26" என்று சொன்னால் போதாது

இணையத்தில் சக்கரமோ ரிம்மோ டயரோ வாங்கி ஏமாறுவதற்கு முதல் காரணம் அளவு. "26 அங்குலம்" என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் சந்தையில் உள்ளன. பழைய பாணிச் சைக்கிளின் 26×1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிள் என்று விற்கப்படும் வண்டியின் 26×1.95 டயருக்கு 559 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மில்லிமீட்டர். ஒன்றில் மற்றதை எந்தப் பலசாலியாலும் மாட்ட முடியாது.

ஆகவே அங்குலத்தைப் பார்க்காமல், டயரின் பக்கவாட்டில் கோடு போட்டு அச்சடித்திருக்கும் இரட்டை எண்ணைப் பார்க்கவேண்டும். 37-590 என்றால் டயரின் அகலம் 37, ரிம்மில் உட்காரும் விட்டம் 590. இரண்டாவது எண்தான் முக்கியம். தாத்தா காலத்து 28×1½ வண்டிக்கு 635. பந்தயச் சைக்கிள்களின் 700சி என்பது 622. பிள்ளைகளின் 20 அங்குல பிஎம்எக்ஸ் வகைக்கு 406. அதே 20 அங்குலத்தில் 451 என்ற மெல்லிய வகையும் உண்டு. டயர் தேய்ந்து எண் தெரியாவிட்டால் சக்கரத்தையே கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

அடுத்து ஓட்டைகளின் எண்ணிக்கை. பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. பாரம் பின்னால்தானே. இன்றைய சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் 36. 40 ஓட்டை ஹப்பை வைத்துக்கொண்டு 36 ஓட்டை ரிம் வாங்கினால் இரண்டும் சேராது. பின்சக்கரம் என்றால் இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. பல்சக்கரம் திருகி மாட்டும் வகையா, செருகி மாட்டும் வகையா? அச்சுக்கு நட்டா, நெம்புகோலா? சட்டத்தின் பின்கவையின் உள் அகலம் எவ்வளவு? இவற்றில் ஒன்று தவறினாலும் புதுச் சக்கரம் வீட்டு மூலையில் கிடக்கும்.

கடைக்காரருக்கு இதெல்லாம் பார்த்ததும் தெரியும். அவர் வாங்கும் விலையில் இந்தக் கண்ணுக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டிலேயே கட்டலாமா?

கட்டலாம். மந்திர வித்தை ஒன்றுமில்லை. பொறுமையும், ஒரு ஸ்போக் சாவியும், தலைகீழாகக் கவிழ்த்து வைத்த சைக்கிளும் இருந்தால் ஆரம்பிக்கலாம். தனி நிலைச் சட்டம் இல்லாவிட்டாலும், பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துக் கோணல் பார்க்க முடியும். இந்தக் கலையைப் பற்றி ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலை உலகெங்கும் உள்ள மெக்கானிக்குகள் இன்றும் புரட்டுகிறார்கள்.

36 ஓட்டைச் சக்கரத்தில் ஹப்பின் ஒவ்வொரு பக்கத் தட்டிலும் 18 ஓட்டை. முதலில் ஒரு தட்டில் ஓட்டை விட்டு ஓட்டையாக 9 கம்பி நுழைத்து, ரிம்மில் ஒவ்வொரு நான்காவது ஓட்டையிலும் மாட்டவேண்டும். பிறகு மறுபக்கத் தட்டிலும் அதேபோல் 9. இப்போது ஹப்பை ஒரு பக்கமாகத் திருகினால் இந்த 18 கம்பிகளும் சாய்ந்துகொள்ளும். மீதி 18 கம்பிகளை எதிர்த்திசையில் சாய்த்து மாட்டவேண்டும். ஒவ்வொன்றும் தன் பக்கத்து மூன்று கம்பிகளைக் கடக்கும். முதல் இரண்டுக்கு வெளிப்புறமாகப் போய், மூன்றாவதை உட்புறமாகக் கடக்கவேண்டும். பின்னல் கூடை முடைவதை நினைத்துக்கொள்ளலாம். டயர் வால்வு வரும் ஓட்டை, ஏறக்குறைய இணையாகப் போகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அமையவேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் பம்ப் நுழையாது. முதல் தடவை கட்டுபவர்கள் மறப்பது இதைத்தான்.

மாட்டி முடிப்பது பாதி வேலைகூட இல்லை. இறுக்குவதில்தான் கை வேலை. எல்லா நிப்பிளையும் ஒரே அளவுக்குத் திருகிவிட்டு, பிறகு அரைச் சுற்று அரைச் சுற்றாகச் சக்கரம் முழுவதும் வரவேண்டும். ரிம் வலது பக்கம் ஓடினால் அந்த இடத்தில் இடது பக்கக் கம்பியை இறுக்கலாம், அல்லது வலது பக்கக் கம்பியைத் தளர்த்தலாம். மேலும் கீழும் குதித்தால் குதிக்கும் இடத்தில் இரு பக்கத்தையும் சேர்த்து இறுக்கவேண்டும். இடையிடையே இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் இறுக்கிப் பிடித்து நெரித்துவிடவேண்டும். இதைச் செய்யாத சக்கரம் முதல் நாள் ஓட்டத்திலேயே "டிக் டிக்" என்று சத்தம் போட்டுத் தளரும்.

பின்சக்கரத்துக்கு இன்னொரு சிக்கல். பல்சக்கரம் வலது பக்கம் இடம் பிடிப்பதால், ரிம் நடுவில் நிற்க வலது பக்கக் கம்பி இடது பக்கத்தைவிடச் சற்றுக் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளம் வாங்குவது பலர் செய்யும் தவறு. நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடினாலும் கம்பி முனை நிப்பிளைத் தாண்டி வெளியே வந்து டியூப்பைக் குத்தும்.

அப்படியானால் வீட்டில் கட்டுவது லாபமா? ஒரு சக்கரத்துக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் இல்லை. 36 கம்பி, 36 நிப்பிள், ரிம், சாவி, தபால் செலவு, தவறாக வாங்கிய ஒரு செட் கம்பி என்று கூட்டிப் பார்த்தால் கடைக்காரர் கேட்டதைத் தாண்டிவிடும். கற்றுக்கொள்ளும் ஆசைக்காகக் கட்டுபவர் கட்டலாம். அவர்களும் புதுச் சாமானில் தொடங்காமல், கழித்துப் போட்ட பழைய சக்கரம் ஒன்றை முழுதாகக் கழற்றி, அதே கம்பிகளை வைத்து மறுபடி கட்டிப் பழகுவது நல்லது. சொந்தக் கையால் கட்டிய சக்கரத்தில் உடனே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டாம். சில நாள் பெரியவர் ஓட்டிப் பார்த்து, கம்பிகளைச் சுண்டிப் பார்த்து, மறுபடி இறுக்கிய பிறகு கொடுக்கலாம்.

இணையத்தில் வாங்குவோர் கவனத்துக்கு

இணையத்தில் வாங்குவதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் வீடு நடத்தும் குடும்பம் பத்து வெள்ளி குறைவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடுவது இயல்பு. உள்தோட்டத்தில் இருப்பவருக்குப் பட்டணம் போய் வரும் பெட்ரோல் செலவும் உண்டு. தேவையான பாகம் உள்ளூரில் கிடைக்காமலும் போகலாம்.

ஆனால் கணக்கை முழுதாகப் போடவேண்டும். 2024 ஜனவரி 1ஆம் தேதி முதல், வெளிநாட்டிலிருந்து இணையவழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 2025 ஜூலை 1ஆம் தேதி விரிவுபடுத்தப்பட்ட விற்பனை வரியில் பந்தயச் சைக்கிளும் 10 விழுக்காட்டுப் பட்டியலில் சேர்ந்தது. சாதாரணப் பள்ளிச் சைக்கிள் வாங்குபவர் பந்தயச் சைக்கிள் வரியைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை.

உள்நாட்டு விற்பனையாளர் பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு மாற்றித் தர மறுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீதையும், விற்பனையாளருடன் பேசிய செய்திகளையும், பொருளின் படத்தையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். வெளிநாட்டு விற்பனையாளராக இருந்தால் இந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்காது. இணையத் தளத்தின் பணம் திருப்பும் காலக்கெடுவுக்குள் புகார் கொடுப்பதே பலன் தரும். பெட்டி வந்த அன்றே பிரித்துச் சுற்றிப் பார்க்காமல், "பிறகு மாட்டலாம்" என்று வைத்துவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

வந்த புதுச் சக்கரத்தை அப்படியே மாட்டாமல் கடையில் கொடுத்து ஒருமுறை இறுக்கி வாங்கினால் அதன் ஆயுள் கூடும். "எங்கோ வாங்கிவிட்டு இங்கே கொண்டு வந்திருக்கிறானே" என்று கடைக்காரர் முகம் சுளிக்கலாம். கூலியை முழுதாகக் கொடுத்தால் அந்தச் சுளிப்பு நீளாது.

கடை இல்லாமல் போனால்

சிறு பட்டணத்துச் சைக்கிள் கடையின் வருமானம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று பழுது பார்க்கும் கூலி. மற்றது வண்டி, டயர், டியூப், சக்கரம் விற்ற லாபம். கூலி எப்போதும் சிறிய தொகைதான். பஞ்சர் ஒட்டவும் கம்பி மாற்றவும் யாரும் பெரிய தொகை கொடுக்கமாட்டார்கள். கடை வாடகையைக் கட்டியது விற்பனை லாபம். அந்த விற்பனை இணையத்துக்குப் போய்விட்டால், கூலியை மட்டும் நம்பிக் கடை நிற்காது. வாங்குவது அங்கே, ரிப்பேர் இங்கே என்பது கொஞ்ச காலத்துக்குத்தான் ஓடும்.

தோட்டப்புறமும் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் போகிறார்கள், பெரியவர்கள் மோட்டார் சைக்கிளில். இன்று தோட்டத்தில் சைக்கிளை அன்றாட வாகனமாக நம்பியிருப்பவர்களில் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களும் உண்டு. ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் நின்ற அதே கடை வாசலில் இப்போது அவர்கள் சக்கரத்தோடு நிற்கிறார்கள்.

இதே மாநிலத்தில், நீலாயில், 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியையொட்டி 250 மீட்டர் மர ஓடுதளத்துடன் தேசிய வெலோட்ரோம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அசிசுல்ஹஸ்னி அவாங் கெய்ரின் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 1978 பேங்காக் ஆசியப் போட்டியின் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற இங் ஜூ ஙான் பிற்காலத்தில் சைக்கிள் கடை நடத்தியவர். மேல்மட்டத்தில் சைக்கிளுக்கு மதிப்புக் கூடியிருக்கும் இதே காலத்தில்தான், சாதாரண வண்டிக்குக் கம்பி மாற்றும் ஆளைத் தேடி மக்கள் அலையவேண்டியிருக்கிறது. பட்டணத்துப் பெரிய கடைகளில் விலையுயர்ந்த வண்டிகள் வரிசையாக நிற்கும். 26×1⅜ ரிம் கேட்டால் கையை விரிப்பார்கள்.

பெற்றோர் யோசிக்கவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் சென்ற பதின்ம வயதுப் பிள்ளைகள் 8 பேர் கார் மோதி மாண்டதை நாடு மறந்திருக்காது. "பாசிக்கல் லாஜாக்" என்று சொல்லப்படும் அந்த வகை வண்டிகளில் பிரேக்கைக் கழற்றிவிடுவதும் கைப்பிடியைத் தாழ்த்துவதும் வழக்கம். அதற்கான பாகங்களை இணையத்தில் ஒரு பிள்ளை வாங்கும்போது, "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்க ஆளில்லை. முகம் தெரிந்த கடைக்காரர் கேட்பார். எல்லாக் கடைக்காரரும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கேட்கக்கூடிய ஒருவர் ஊரில் இருந்தார்.

நடைமுறையில் எதைச் செய்வது?

கம்பி ஒன்றிரண்டு அறுந்திருந்தால், ரிம் லேசாக ஆடினால், கடைக்குப் போவதே மலிவு. ஹப் நன்றாக இருந்து ரிம் மட்டும் போயிருந்தால், அந்த ஹப்பிலேயே புது ரிம் கட்டித் தருவாரா என்று கேட்கலாம். பழைய இங்கிலாந்து ஹப்பாக இருந்தால் அதைத் தூக்கி எறியவேண்டாம். எண்ணெய் விட்டுப் பராமரித்தால் அவை இன்னும் பல காலம் ஓடும். ஹப்பும் தேய்ந்து ரிம்மும் போயிருந்தால் முழுச் சக்கரம் வாங்கலாம். அதையும் முதலில் கடைக்காரரிடம் விலை கேட்டுவிட்டுப் பிறகு இணையத்தில் பார்ப்பது முறை. சில கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைத்துத் தருவார்கள். வித்தியாசம் பத்துப் பதினைந்து வெள்ளி என்றால், மாட்டும் கூலியும் பொருந்தாவிட்டால் மாற்றித் தரும் பொறுப்பும் அதற்குள் அடங்கிவிடும். வித்தியாசம் ஐம்பது வெள்ளியைத் தாண்டினால் குடும்பத்தின் சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்துகொள்ளவேண்டியதுதான்.

கடைக்குப் போகும்போது முழு வண்டியையும் ஏற்றிச் செல்லத் தேவையில்லை. சக்கரத்தை மட்டும் கழற்றி, டயரோடும் அச்சு நட்டுகளோடும் கொண்டுபோனால் போதும். பின்சக்கரம் என்றால் பல்சக்கரத்தையும் கழற்றாமல் விட்டுவிடவேண்டும். சிறு பட்டணக் கடைகள் பல இப்போது முழு நாளும் திறந்திருப்பதில்லை. சில கடைகளை வயதானவர் ஒருவரே நடத்துகிறார், மருத்துவமனைக்குப் போகும் நாளில் பூட்டியிருக்கும். எனவே புறப்படும் முன் ஒரு அழைப்பு விடுத்துக் கேட்டுக்கொள்வது நல்லது. வேலை நடக்கும்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும். எந்தக் கம்பியை, எந்தப் பக்கம், எவ்வளவு திருகுகிறார் என்று பார்க்கட்டும். பெரும்பாலான தவுக்கேமார்கள் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள், மறு சாவி இருந்தால் கையிலும் கொடுப்பார்கள்.